கார்ட்டைத் திருப்பிப் பாருங்க
(பார்மசி அக்காட பதில்கள்)

இந்த மாசம் வந்த கடிதம், வட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சிட்டுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விசயம்தான், போதை, குளிசை, அத ஆரிட்டக் கேக்கிற, எத நம்புற. சீனி வருத்தத்துச் சாப்பாடு பத்தி எழுதுறன் எண்டு போன முறை சொன்னனான், கோவிக்காதீங்க, அது அடுத்த மாசம்.

என்ட மகன் ஏஎல் படிக்கிறான். உடுப்புத் தோய்க்கக்குள்ள களிசான் பொக்கற்றுக்குள்ள பாதிக் குளிசைக் கார்ட் ஒண்டு கிடந்திச்சு, சிவப்பும் வெள்ளையுமா கெப்சூல். கேட்டா தலையிடிக்கு எண்டுறான். எங்கட ரோட்டு வட்ஸ்அப் குறூப்பில படத்தப் போட்டன். ஒராள் போதைக் குளிசை எண்டுறார், இன்னொராள் பொலிசுல சொல்லுங்க எண்டுறார், மற்ற ஆள் அன்டிபயோட்டிக்காம். மூணு நாளா நித்திரை இல்ல. – ஆரையம்பதியிலரிந்து ஒரு அம்மா

முதல் வேலையா அந்தப் படத்த குறூப்பிலரிந்து அழிச்சிடுங்கம்மா. அது என்ன குளிசை எண்டு ஆருக்கும் தெரிய முதலே உங்கட மகன்ட பேர் ரோட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு அது வாய்வுக் குளிசை எண்டு தெரிஞ்சாலும் அந்தப் பேரத் திருப்பி எடுக்க ஏலாது.

மறுகா கார்ட்டைத் திருப்பி வெள்ளிப் பக்கத்தப் பாருங்க. கலரைப் பாத்துக் கண்டுபிடிக்கிறன் எண்டு ஆர் சொன்னாலும் நம்ப ஒண்ணா, சிவப்பு வெள்ளையில எத்தினையோ கம்பனி எத்தினையோ மருந்த அடிக்குது. பின் பக்கத்தில பெரிய எழுத்தில கம்பனி வச்ச பேர் இரிக்கும், அதுக்குக் கீழ பொடி எழுத்தில மருந்துட சொந்தப் பேர் இரிக்கும், பக்கத்தில மில்லிகிராம் கணக்கு. அந்தப் பொடி எழுத்துத்தான் நமக்கு வேணும். நான் பார்மசியில நிக்கக்குள்ள இப்பிடித்தான் ஒரு அம்மா சீலைத் தலைப்பில முடிஞ்சு கார்ட் துண்டு ஒண்டு கொண்டு வந்தா, கத்தரிக்கோலால வெட்டி வெட்டிக் குடுத்ததால பேர்ல கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம், "லின் 75" எண்டு. அமொக்சிசிலின் எண்ட அன்டிபயோட்டிக்கும் "லின்"லதான் முடியும், ஆனா அந்தக் கெப்சூல் 250, 500 எண்டு வரும், 75 எண்டு வராது. பிரெகபலின்தான் 75 எண்டு வரும். அந்த நம்பர் இல்லாட்டி நானும் சும்மா ஊகத்திலதான் சொல்லியிருப்பன்.

பிரெகபலின் கெட்ட மருந்தில்ல. சீனி வருத்தக்காரருக்கு கால் எரிவுக்கும், நரம்பு நோவுக்கும், சிலருக்கு வலிப்புக்கும் டொக்டர்மார் எழுதுற மருந்து, உங்கட வீட்டிலயே அம்மம்மா போடலாம். அதத்தான் பொடியன்மார் நாலு அஞ்சு எண்டு சேத்துப் போட்டுட்டு மயங்கித் திரியிறாங்க. சாராயத்தோடயோ வேற நித்திரைக் குளிசையோடயோ சேந்தா மூச்சு மெதுவாகி ஆபத்தாகும். கன நாள் போட்டவன் திடீரெண்டு விட்டாலும் உடம்பு தாங்காது, டொக்டர் பாத்து படிப்படியாக் குறைக்கணும். ஆனா உங்கட மகன்ட பொக்கற்றில கிடந்தது இதுதான் எண்டு நான் சொல்லயில்ல, கார்ட்டக் கிட்டக் கிடக்கிற பார்மசிக்கோ ஆஸ்பத்திரி மருந்து குடுக்கிற இடத்துக்கோ கொண்டு போய் காட்டுங்க. எங்கட நாட்டில பதிஞ்ச மருந்தா இல்லையா எண்டு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைட வெப்சைற்றில பேரப் போட்டுத் தேடியும் பார்க்கலாம்.

மகனோட கதைக்கக்குள்ள ஒரு விசயம். நாம எல்லாரும் முதல்ல கேக்கிறது "ஆர்ரா தந்தது?" எண்டுதான். அது பொலிஸ்காரர்ர கேள்வி. அம்மாட கேள்வி வேற, எத்தின போட்டாய், எப்ப போட்டாய், அதோட வேற என்ன எடுத்தாய், இப்ப உடம்புக்கு என்ன செய்யுது. டொக்டரும் இதத்தான் கேப்பார். ஆர் தந்தது எண்டதை அவன் ஒரு கிழமை கழிச்சு தானாச் சொன்னாலும் சொல்லுவான். கேட்டுட்டு அடிச்சீங்க எண்டா அதுக்குப் பிறகு அவன் கேள்வி கேக்கிற ஆள் அந்தக் குளிசையத் தந்தவன்தான்.

ரெண்டு பனடோலோட கோக் குடிச்சா போதை ஏறுமா? – செங்கலடி, 15 வயசு

ஏறாது தம்பி. இது உங்கட மாமாட காலத்துப் பொய், அப்ப வேற குளிசைப் பேர் சொல்லிச் சொன்னாங்க. போதை வரயில்லையே எண்டு பத்து இருவது எண்டு கூட்டிப் போடுற ஆக்கள் இரிக்காங்க, அதுதான் பயம். பெரிய ஆளுக்கே 24 மணித்தியாலத்துக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல போகப்படாது. கூடிப் போனா முதல் நாள் வயித்தப் பிரட்டுறதோட சரி, ஒண்டுமில்ல எண்டு நினைப்பீங்க, ஈரல் அடிபடுறது அடுத்த ரெண்டு மூணு நாளிலதான் தெரிய வரும். மாத்து மருந்து இரிக்கு, எட்டு மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும். அதனால ஆரும் போட்டுட்டாங்க எண்டு தெரிஞ்சா உடன ஆஸ்பத்திரி, காலையில பாப்பம் எண்டு இல்ல.

தாத்தா, நான் கணிதப் பிரிவு, சோதனைக்கு ரெண்டு மாசம்தான் இரிக்கு. ஐஸ் கொஞ்சம் எடுத்தா விடிய விடியப் படிக்கலாம், படிச்சது மறக்காது எண்டு ஒருத்தன் சொல்றான், டிக்டொக்லயும் அப்பிடி ஒரு வீடியோ பார்த்தன். பள்ளிக்கூடத்தில வந்து கதைச்ச ஆள் ஒரு தரம் தொட்டாலே வாழ்க்கை முடிஞ்சிது, ஆறு மாசத்தில மௌத்து எண்டார். ஆர் சொல்றது உண்மை? – சம்மாந்துறை

தாத்தா எண்டு எழுதினதுக்கு சந்தோசம், உங்கட பக்கம் தாத்தா எண்டா அக்கா, எங்கட பக்கம் தாத்தா எண்டா கிழவன், வாசிச்சிட்டு வீட்டில எல்லாரும் சிரிச்சிட்டம்.

நீங்க ரெண்டு பேரிட்டக் கேட்டிருக்கீங்க, ஒராள் விக்கிறவன்ட பக்கம், மற்றாள் பயந்தவர்ர பக்கம். ரெண்டு பேரிட்டயும் கொஞ்சம் உண்மை இரிக்கு, அதாலதான் குழப்பம். ஐஸ் எண்டது மெதம்பெட்டமின், அது நித்திரைய விரட்டும் எண்டது மெய், ரெண்டாம் உலக யுத்தத்தில ஆமிக்காரர முழிக்க வைக்கிறதுக்கே குளிசையாக் குடுத்திருக்காங்க. ஆனா முழிச்சிரிக்கிறது வேற, படிக்கிறது வேற. நாம பகல்ல படிச்சத மூளை அடுக்கி வைக்கிறது நித்திரையிலதான், அந்த நித்திரையத் திருடிட்டு மறக்காது எண்டு சொன்னா எப்பிடி? ஒரே பக்கத்த நாலு மணித்தியாலம் அடிக்கோடு போட்டுக் கொண்டே இரிக்கிற ஆக்களும் இரிக்காங்க. மறுகா அது இறங்கக்குள்ள ரெண்டு நாள் தூக்கிப் போட்ட மாதிரி நித்திரை, மனசு பாதாளத்துக்குப் போகும், அத மாத்தத் திரும்ப எடுக்கச் சொல்லும். சிலருக்கு ஆரோ பின்னால வாறாங்க, கதவுக்கு வெளியில கதைக்காங்க எண்டு சந்தேக நோயே பிடிச்சிடும். சோதனை மண்டபத்தில போய் அது வந்தா?

ஒரு தரம் தொட்டா எல்லாரும் ஆறு மாசத்தில மௌத்து எண்டது சரியில்ல. அப்பிடிச் சொன்ன ஆளுட எண்ணம் நல்லது, ஆனா நீங்க தெருவில பாக்கிற ஒருத்தன் எடுத்துட்டும் ஒரு வருசமா பைக் ஓடித் திரிஞ்சா, சேர் சொன்னது எல்லாமே பொய் எண்டு நினைச்சிடுவீங்க, அங்கதான் விக்கிறவன் வெல்லுறான். உண்மை என்னெண்டா ஆருக்கு முதல் தரத்திலயே பிடிச்சிக் கொள்ளும் ஆருக்கு கொஞ்சம் பிந்தும் எண்டு முன்கூட்டியே சொல்ல ஆராலயும் ஏலாது, அந்தப் பக்கற்றுக்குள்ள ஐஸ்தான் இரிக்கா வேற என்ன கலந்திரிக்கு எண்டு விக்கிறவனுக்கே தெரியாது.

இங்கிலீஸ் வாசிப்பீங்க எண்டா அமெரிக்காவில நைடா எண்டு ஒரு அரச நிறுவனம் இரிக்கு, 1974ல தொடங்கினது, போதை உடம்பையும் மூளையையும் என்ன செய்யுது எண்டு ஆராயிறதுதான் அவங்கட வேலை. உங்கட வயசுப் புள்ளைகளுக்கெண்டே எழுதி வச்சிருக்காங்க, முந்தி பள்ளிக்கூடப் புள்ளைகள் கேள்வி கேக்க விஞ்ஞானிமார் நேர பதில் சொல்ற நாளெல்லாம் வச்சாங்க. வாசிச்சுப் பாருங்க, எது தெரியும் எது இன்னும் தெரியாது எண்டு பிரிச்சுச் சொல்லுவாங்க. டிக்டொக் வீடியோவில "இது இன்னும் தெரியாது" எண்டு ஆராவது சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?

என்ட மனிசன் ஒவ்வொரு நாளும் குடி, காலையிலயே கை நடுங்கும், குடிச்சாத்தான் நிக்கும். மூணு நாள் அறைக்குள்ள பூட்டி வை, தெளிஞ்சிடும் எண்டு மச்சாள் சொல்றா. பேஸ்புக்ல ஒரு பவுடர் விக்காங்க, தேத்தண்ணியில தெரியாமக் கலந்து குடுத்தா குடிய வெறுத்துடுவாராம், கீழ எத்தினையோ பேர் நன்றி எண்டு போட்டிருக்காங்க. ரெண்டில எது நல்லம் அக்கா? – திருக்கோவில் தங்கச்சி

ரெண்டும் வேணாம் தங்கச்சி. இத நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏனெண்டா இந்த ரெண்டு ஆலோசனையும் நல்ல மனசோட சொல்றது, ரெண்டும் ஆளக் கொல்லலாம்.

காலையில கை நடுங்குது குடிச்சா நிக்குது எண்டு எழுதியிருக்கீங்க. அதுக்கு அர்த்தம் அவர்ர உடம்பு சாராயத்துக்குப் பழகிட்டு. அப்பிடிப் பழகின உடம்புக்கு சடாரெண்டு நிப்பாட்டினா ஆறு மணித்தியாலத்திலரிந்து நடுக்கம், வேர்வை, வாந்தி தொடங்கும், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாம் மூணாம் நாளில சிலருக்கு புத்தி மாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், சுவர்ல பூச்சி ஊருது எண்டு அடிப்பாங்க, காய்ச்சல் ஏறும். அப்ப மச்சாள் சொன்ன அந்த மூணு நாள்தான் ஆக மோசமான மூணு நாள், அதுல போய் அறையப் பூட்டிட்டு வெளியில இரிக்கிறதா? குடு, அதான் ஹெரோயின், எடுக்கிறவனுக்கு விடக்குள்ள பெரிய வேதனை, ஆனா அந்த வேதனையில சாவு வாறது குறைவு. சாராயத்துல அப்பிடி இல்ல, விடுறதே ஆபத்து. கனபேருக்கு இது தலைகீழாத்தான் தெரியும், சாராயம்தானே எண்டு.

பவுடர் கதைக்கு வருவம். அதுக்குள்ள என்ன இரிக்கெண்டு பக்கற்றில எழுதியிருக்கா எண்டு பாருங்க. சும்மா மூலிகை மாவா இரிந்தா காசுதான் நட்டம். ஆனா டைசல்பிராம் எண்டு உண்மையான மருந்து ஒண்டு இரிக்கு, அதக் குடிச்சிட்டு சாராயம் தொட்டா முகம் சிவந்து, நெஞ்சு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரசர் விழுந்து ஆள் போயும் போகலாம். அந்தக் குணம் கடைசிக் குளிசைக்குப் பிறகு ரெண்டு கிழமை வரைக்கும் நிக்கும். அதால டொக்டர்மார் ஆளுக்குச் சொல்லி, அவர் சம்மதிச்சு, ஈரலும் நெஞ்சும் சோதிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. தேத்தண்ணியில தெரியாமக் கலந்து வச்சிட்டு, பின்னேரம் அவர் வழக்கம் போல தவறணைக்குப் போனா? கீழ நன்றி போட்ட ஆக்கள்ர பேர ஒருக்கா அமத்திப் பாருங்க, முகப் படத்தில பூவும் சாமியும்தான் இரிக்கும், வேற பதிவே இராது.

செய்ய வேண்டியது, அவர் கொஞ்சம் தெளிவா இரிக்கிற ஒரு காலையில "நடுக்கத்துக்கு மருந்து எடுப்பம்" எண்டு சொல்லிக் கூட்டிப் போங்க. குடிய விட ஆஸ்பத்திரிக்கு வா எண்டா வரமாட்டார், நடுக்கத்துக்கு வருவார், அது பொய்யுமில்ல. கிட்டக் கிடக்கிற ஆதார வைத்தியசாலை ஓபிடியில உள்ளத உள்ளபடி சொல்லுங்க, எத்தின வருசம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கசிப்பா அரக்கா. மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவாங்க, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலயும் அந்தப் பிரிவு இரிக்கு. மனநலம் எண்டு போட்டிருக்கே எண்டு வெக்கப்பட வேணாம், நடுக்கத்துக்கு மருந்தும் விட்டமின் பி1 ஊசியும் குடுத்து பாதுகாப்பா நிப்பாட்டுற இடம் அதுதான். காசில்ல. இடையில வலிப்போ புத்தி மாறாட்டமோ வந்தா 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம்.

பள்ளிக்கூடத்தில போதை ஒழிப்பு நாள் செய்யப் போறம். அழுகின நுரையீரல், செத்த ஆக்கள்ர படமெல்லாம் பெரிய திரையில காட்டலாமா? – ஒரு ரீச்சர், வாழைச்சேனை

காட்டலாம் ரீச்சர், புள்ளைகள் கத்துவாங்க, மூணாம் நாள் மறந்துடுவாங்க. அமெரிக்காவில 1983ல லொஸ் ஏஞ்சலிஸ்ல டெயர் எண்டு திட்டம் ஒண்டு தொடங்கினாங்க, பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்து வேணாம் எண்டு சொல்லப் பழக்கிற, நாடு முழுக்க வருசக்கணக்கா நடந்திச்சு. ஆராய்ச்சிக்காரர் திரும்பத் திரும்ப அளந்து பார்த்ததில புள்ளைகள் பாவிக்கிறதில பெரிசா ஒரு மாத்தமும் இல்ல, பிறகு பாடத்தையே மாத்த வேண்டி வந்திச்சு. அதுக்குப் பதிலா ஒரு கடதாசிப் பெட்டி வையுங்க, பேர் எழுதாம கேள்வி போடச் சொல்லுங்க, எம்ஓஎச்ச (சுகாதார வைத்திய அதிகாரிய) ஒரு பாடவேளைக்குக் கூப்பிட்டு அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல வையுங்க. ஊர்வலத்துக்கு பெனர் அடிக்கிற காசும் மிச்சம்.

மாவா வெறும் பாக்குத்தானே, இயற்கையானது, எங்கட அம்மம்மா எழுவது வயசிலயும் வெத்திலை போடுறா. – களுவாஞ்சிகுடி

இயற்கைதான், நஞ்சுக் காயும் இயற்கைதான். பாக்குல புகையிலை சேராட்டியும் அது தனியாவே மனிசருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே முதலாம் வகுப்பில போட்டுட்டு. எங்கட நாட்டு ஆம்பளையளுக்கு வாய்ப் புற்றுநோய் ஏன் இவ்வளவு கூட எண்டு கேட்டா பல் டொக்டர்மார் முதல்ல காட்டுறது இந்த வெத்திலைத் தட்டத்தத்தான். மாவாவில புகையிலையும் சுண்ணாம்பும் வேற சேருது, மெல்லுற புகையிலைய விக்கக்குடாது எண்டு 2016லயே தடை போட்டாச்சு, அப்ப உங்களுக்கு விக்கிறவருக்கு அது என்னெண்டு நல்லாத் தெரியும்.

இப்பவே ஒரு சோதனை செய்யுங்க. உங்கட சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல் மூண்டையும் ஒண்டா வச்சு நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. போகுதா? இறுக்கமா இரிந்தா, மிளகாய்க் கறி முந்தின மாதிரி இல்லாம எரிஞ்சா, உள் கன்னம் வெளிறி நார் மாதிரி தட்டுப்பட்டா பல் கிளினிக்குக்குப் போங்க. அம்மம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவக்கும் ஒருக்கா பாக்கட்டும்.

"மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி டொக்டர் பேசுறன்" எண்டு ஒரு வொய்ஸ் வந்திச்சு, ரொபில போதை மருந்து கலந்து பள்ளிக்கூட வாசல்ல விக்காங்களாம். எல்லாருக்கும் அனுப்பிட்டன். மகள் சட்ஜிபிடியிட்டக் கேட்டுட்டு பொய் எண்டுறாள். – கல்லடி, ஓய்வுபெற்ற தபாலதிபர்

ஐயா, நீங்க தபால் கந்தோர்ல இரிந்தவர், அனுப்புனர் பேர் இல்லாத மணியோடர எடுப்பீங்களா? அந்த வொய்ஸ்ல டொக்டர்ர பேர் இல்ல, எந்த வார்ட் எண்டு இல்ல, திகதி இல்ல, எந்தப் பள்ளிக்கூடம் எண்டு இல்ல. இருந்ததெல்லாம் அவசரமும் "எல்லாருக்கும் அனுப்புங்க"வும்தான். ஊரையும் ஆஸ்பத்திரிட பேரையும் மாத்திப் போட்டா அது எந்த ஊருக்கும் சரியா வரும். உங்கட பக்கத்து பிஎச்ஐய (பொதுச் சுகாதாரப் பரிசோதகர) கேட்டா ரெண்டு நிமிசத்தில தெரிஞ்சிரிக்கும், உணவு விசயம் பாக்கிறது அவர்ர வேலைதானே.

மகளுக்கும் ஒண்டு சொல்லணும். அந்த ஏஐ வடிவாத்தான் கதைக்கும், பிழையையும் அதே வடிவாத்தான் சொல்லும், குளிசை அளவெல்லாம் அதுட்டக் கேட்டு முடிவெடுக்கப்படாது. எங்கயிரிந்து எடுத்தாய் எண்டு கேட்டு அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. மருந்துப் பேருக்கு மெட்லைன்பிளஸ் எண்டு ஒண்டு இரிக்கு, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துறது, விளம்பரம் இல்ல, எந்தப் பக்கத்துக்கும் கீழ எப்ப திருத்தினது எண்டு திகதி போட்டிருப்பாங்க. இங்கிலீசுதான், கூகுள்ல தமிழாக்கி வாசிக்கலாம், ஆனா அளவையும் "குடுக்கலாம் குடுக்கப்படாது" எண்ட வசனத்தையும் மட்டும் மூலத்தில ஒருக்கா பாக்கணும், அந்தத் தமிழ்ல "படாது" சில நேரம் காணாமப் போகுது.

1926க்கு எடுத்தா வாப்பாக்குத் தெரிய வருமா? பொலிஸ் வருமா? எனக்கில்ல, கூட்டாளி ஒராளுக்குக் கேக்கிறன். – சாய்ந்தமருது

கூட்டாளிக்குத்தான், சரி மகள். 1926 தேசிய மனநல நிறுவனத்துட இலக்கம், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைட இலக்கம், போதை பத்தி ஆலோசனை கேக்கிறதுக்கு. ரெண்டுமே பொலிஸ் இலக்கமில்ல. எடுத்த உடன "பேர் சொல்லாமக் கேக்கலாமா, இது வேற ஆருக்கும் போகுமா" எண்டு அதையே முதல் கேள்வியாக் கேளுங்க, பதில் பிடிக்காட்டி வச்சிடலாம். சிங்களத்தில தொடங்கினா பயப்படாம "தமிழ்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. ஆரும் அடிக்கிறாங்க, வேற கரைச்சல் குடுக்கிறாங்க எண்டா 1929, அது சிறுவர் பாதுகாப்பு. போன்ல அழைச்ச இலக்கம் நிக்கும், வாப்பா போன எடுத்துப் பாக்கிற ஆள் எண்டா முதல்ல பள்ளிக்கூடத்தில ஆலோசனை ரீச்சர்ர போனுலயிரிந்து எடுங்க, உம்மாட போனுல வேணாம்.

ஆனா கூட்டாளி இப்ப எழும்பாம, கூப்பிட்டா அசையாம, உதடு நீலமாக் கிடந்தா 1926மில்ல 1927மில்ல, 1990. ஆளச் சரிச்சுப் படுக்க வையுங்க, வாயில தேசிக்காய்த் தண்ணி ஊத்த வேணாம், வாந்தி எடுக்க வைக்க வேணாம், பக்கத்தில கிடக்கிற குளிசைக் கார்ட், போத்தல் எல்லாத்தையும் அள்ளிக் கையோட கொண்டு போங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். கார்ட்டப் படம் எடுத்து எனக்கு அனுப்புறவங்க ரெண்டு பக்கமும் எடுங்க, வெளிச்சத்தில வச்சு எடுங்க. இந்த மாசம் வந்த பதினொரு படத்தில ஏழுல பெருவிரல் நல்ல தெளிவா விழுந்திரிக்கு, மருந்துட பேர் அந்த விரலுக்குக் கீழ.